வரிக்கு ஒரு யன்னல்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆவணி மாதம். கோப்பாயில் எங்கள் வாசிகசாலைக்கு மின்சாரம் வராமல் மூன்று வருடம் கடந்திருந்தது. புதுப் புத்தகம் வராமலும் கிட்டத்தட்ட அதேயளவு காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எந்தக் கடல்நீரேரியைக் கடந்து யாருடைய பைக்குள் வரும் என்று தெரியாமல் காத்திருந்த நேரத்தில், வாசிகசாலையின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தேன். அந்தப் பதவிக்கு வந்த முதற் பெண் நான். சொல்லும்போது இப்போதும் கழுத்து நிமிர்கிறது. அன்று அது இன்னும் கூடுதலாக நிமிர்ந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சஞ்சிகை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, கணக்கெழுதுகிற தடித்த நோட்டு. ஒரே ஒரு பிரதி. மேசைக் காலில் கயிற்றால் கட்டிக் கிடக்கும். வந்தவர்கள் நின்றபடியே வாசிப்பார்கள். அதில் எல்லோரும் முதலில் புரட்டுகிற பகுதி "வாசித்து முடித்தவை". புத்தகம் எடுத்தவர் அதை முடித்ததும் நாலு வரியாவது அபிப்பிராயம் எழுதவேண்டும் என்பது எங்கள் வாசிகசாலையின் வழக்கம். முடிக்காதவர் எழுதக்கூடாது. முடித்தவர் எழுதாமல் தப்பக்கூடாது. ஆனால் புத்தகம் வராத காலத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். ஒரே நாவலுக்குப் பதினோராவது அபிப்பிராயம் வந்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்த இதழில் அந்தப் பகுதி வெள்ளையாகக் கிடந்தது.

அப்போதுதான் அந்தக் கேம் வந்தது.

சுவிசில் இருந்த என் அண்ணன் கொழும்புக்கு அனுப்பி, கொழும்பிலிருந்து ஒருவர் பையில் வைத்துக் கொண்டுவந்த சாமான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பெட்டி. ஒரு சிறு திரை, ஐந்தாறு பொத்தான்கள். வழியில் சோதனைச் சாவடியில் பற்றறிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சண்டை தொடங்கியதிலிருந்து பற்றறி எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் தடை செய்த பொருள். விளையாட்டுச் சாமான் வரலாம், விளையாடத்தான் கூடாது என்பதுபோல. எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. அண்ணன் அனுப்பியதை வெறும் பெட்டியாக அலுமாரியில் வைக்க மாட்டேன் என்று அன்றே முடிவெடுத்தேன்.

யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சந்தியில் வானொலி திருத்துபவர் என் சைக்கிள் டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து, நடுவில் ஏதோ சிறு சாமான்களை ஒட்டி, பெட்டியின் முதுகில் பொருத்திக் கொடுத்தார். சைக்கிளை வாசிகசாலை விறாந்தையில் ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறி மிதிக்கவேண்டும். மற்றவர் விளையாடவேண்டும். மிதி நின்றால் திரை செத்துப்போகும். பிறகு எல்லாம் ஆரம்பத்திலிருந்து. உலகத்தில் தனியாக விளையாடுவதற்கென்று செய்த ஒரு சாமானை இரண்டு பேர் சேர்ந்தால்தான் விளையாடலாம் என்று நாங்கள் மாற்றினோம்.

விளக்கத் தாள் எதுவும் பெட்டியோடு வரவில்லை. மேலிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழும். நெட்டையானது, சதுரமானது, கால் மடக்கியது, கை நீட்டியது. பொத்தானை அமத்தித் திருப்பலாம், இடமும் வலமும் நகர்த்தலாம். அடியில் போய் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். இதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கல்லைக் கண்டால் எங்களுக்கு வேறென்ன தோன்றும்? கட்டினோம்.

ஒரு வரி முழுதாக நிரம்பியதும் அது இரண்டு தரம் சிமிட்டிவிட்டு இல்லாமல் போனது. "ஐயோ, இடிச்சுப் போட்டுது!" என்று பின்னால் நின்ற ஒருவர் கத்தினார். திரையின் மூலையில் ஓர் இலக்கம் ஏறியது. எத்தனை வரி இடிந்தது என்று அது எண்ணுகிறது என்று தீர்மானித்தோம். ஆகவே வரி நிரம்பக் கூடாது. நிரம்பாமல் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். கட்டிடம் திரையின் உச்சியில் போய் முட்டியதும் ஒரு சின்ன இசை கேட்டது. இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. கேம் ஓவர்.

கைதட்டினோம். விறாந்தை அதிர்ந்தது.

எங்கள் ஊரில் ஓவர் என்றால் முடிந்தது. சோதினை ஓவர். பள்ளிக்கூடம் ஓவர். கிரிக்கெட்டில் ஆறு பந்தையும் ஒழுங்காகப் போட்டு முடித்தால் அதுவும் ஓவர். கேம் ஓவர் என்றால் கேமை முடித்தாயிற்று. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இரண்டு கிழமைக்குள் இரண்டு கட்சிகள் உருவாகின. ரியூற்றியில், அதுதான் தனியார் வகுப்பில், கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் நடுவிலேயே கட்டைகளைக் குவித்து, அரை நிமிடத்தில் உச்சியைத் தொட்டு, "பூச்சியம்! பாருங்கோ, ஒரு வரிகூட இடியேல்லை" என்று கையைத் தூக்கினார். எங்கள் ஒழுங்கையில் இருந்த மேசனுக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருடம் கல் அடுக்கிய மனிதர்.

"உது வீடோ சேர்? உது லைற் போஸ்ற். கறண்ட் இல்லாத ஊரிலை லைற் போஸ்ற் என்னத்துக்கு?"

கணித ஆசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே சட்டம் இயற்றினோம். தூண் செல்லாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கட்டவேண்டும். வரிக்கு ஒரு யன்னல் மட்டும் விடலாம். இரண்டு விட்டால் சோம்பல், விடாமல் அடைத்தால் வரி போய்விடும். மேலே முட்டும்போது இலக்கம் பூச்சியமாக இருக்கவேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசான காரியமில்லை. விழுகிறது எது என்று எங்களைக் கேட்டு விழுவதில்லை.

அடுத்த இதழில் அந்தப் பகுதியின் தலைப்பை "விளையாடி முடித்தவை" என்று மாற்றினேன். எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்று எழுதினார்கள்.

மேசன் எழுதினார்: "யன்னல் வைக்காமல் கட்டினால் சுவர் மறைந்துவிடுகிறது. கட்டிடத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று நான் சொல்லும்போது ஒருவரும் கேட்பதில்லை. இப்போது மெசினே சொல்கிறது." கணித ஆசிரியர் எழுதினார்: "நான்கு நிமிடம். புள்ளி பூச்சியம். இதிலும் குறைவாக எடுக்க எவராலும் முடியாது என்பது கணித உண்மை." வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் ஒரே வரியில் முடித்தார்: "நெட்டைக் கட்டை வந்தால் படுக்க வைக்க வேண்டாம், நட்டு விடுங்கள்."

நான் மூன்று பக்கம் எழுதினேன். "வானமே, எறி. நீ எறிவதைக் கொண்டே நகரம் சமைப்பேன்" என்று தொடங்கும். எழுதிவிட்டு நானே சத்தமாக வாசித்தேன். அந்த வயதில் எனக்கு என் குரல் மிகவும் பிடிக்கும்.

இனி, சைக்கிள் மிதிக்க வந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். குருநகரிலிருந்து, தொண்ணூறில் நடந்த யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு வீடு உடைந்து, தாயையும் ஒரு தையல் மெசினையும் கொண்டுவந்து, எங்கள் ஒழுங்கையில் ஒரு கொட்டிலில் இருந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாய்க்குப் பயப்படவேண்டிய ஆள். மற்றவர்கள் மிதித்தால் திரையில் கட்டைகள் மங்கும், கறுக்கும், திடீரென்று செத்துப்போகும். இவர் ஏறினால் கடைசி வரைக்கும் ஒரே சீராக இருக்கும். நாள் முழுதும் தையல் மெசின் மிதிக்கிற கால். துணிக்கு ஏற்ற வேகம் அதற்குத் தெரிந்திருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு வருவார், பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறுவார்.

"எழுத்தாளரம்மா, கெதியாக் கட்டும். எனக்குக் கால் உளையுது. நீர் முகட்டைத் தொடுறதுக்குள்ளை நான் மன்னாருக்கே போட்டு வந்திடுவன்."

மிதிப்பவருக்குத் திரை தெரியாது. ஒரு மாதமாக எங்கள் எல்லோருடைய கட்டிடங்களையும் அவர் காலால் தாங்கினார், ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு நாள் நான் பிடிவாதமாக அவரை இறக்கி, பெட்டியைக் கையில் கொடுத்து, நான் ஏறி மிதித்தேன். மூன்று தரம் வரி இடிந்தது. நாலாம் தரம் அவர் ஒன்றும் பேசாமல் கட்டினார். அவர் பேசாமல் இருந்தது எங்களுக்குப் புதினம். இசை கேட்டதும் பெட்டியை மடியில் வைத்தார். பிறகு பேனையைக் கேட்டார்.

அவர் எழுதியது இவ்வளவுதான்: "குருநகரில் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டது அப்பா. யன்னல் மட்டத்துக்கு வந்தது. பிறகு எழும்ப எழும்ப ஏதாவது வந்து விழும். இன்று வரிக்கு ஒரு யன்னல் வைத்து மேல் வரைக்கும் கட்டி முடித்தேன். மேலேயிருந்து விழுந்ததைக் கொண்டே கட்டினேன். ஓட்டு வேலை மட்டும் பாக்கி."

என் மூன்று பக்கத்தையும் அது தின்றுவிட்டது என்று எனக்கு வாசித்த உடனேயே தெரிந்தது. ஆனாலும் என்னுடையதை முன்னாலும் அவருடையதைப் பின்னாலும் வைத்தேன். ஆசிரியர் நான் அல்லவா.

இதழ் முடிந்தது. எங்கள் இதழ்கள் வேறு ஊர் வாசிகசாலைகளுக்குப் போய் ஒரு மாதம் இருந்து திரும்பும். இந்த முறை பருத்தித்துறை. திங்கட்கிழமை அனுப்பவேண்டும். அதற்கு முதல் வியாழக்கிழமை, கொழும்பிலிருந்து என் மாமாவின் மகன் வந்தான். தகப்பனின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்காகக் கடற்படை சுடுகிற கிளாலிக் கடலால் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவன். திவசம் முடிந்து வாசிகசாலைக்கு வந்து, மேசையில் குனிந்து இதழை வாசித்தான். முதலில் புன்னகை. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தான்.

"மச்சாள், ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது? வரியை நிரப்பி அழிக்கிறதுதான் விளையாட்டு. அழிய அழியத்தான் புள்ளி. மேலை முட்டினால் செத்தீங்கள். கேம் ஓவர் எண்டால் நீங்கள் தோத்திட்டீங்கள் எண்டு அர்த்தம்."

விறாந்தையில் எட்டுப் பேர் இருந்திருப்போம். கணித ஆசிரியர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போனார். ஒரு மாதமாக ஊர் கூடித் தோற்று, தோற்றதைக் கைதட்டிக் கொண்டாடி, யார் கெதியாகத் தோற்றார் என்று சண்டையும் பிடித்திருக்கிறோம். அதை மை தொட்டு எழுதியும் வைத்திருக்கிறோம்.

வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் நின்று மூன்று வருடமாகியும் ரயில் நேரப்படி நடக்கிற மனிதர். அன்று பின்னேரமே என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உது பருத்தித்துறைக்குப் போனால் அவை ஊர் ஊராச் சொல்லிச் சிரிப்பினம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னம் அந்தப் பக்கங்களைக் கிழிச்சுப் போடும். இல்லையெண்டால் ஆசிரியர் பதவியை விடும்."

பிறகு என்னிடம் அல்ல, ஆனால் எனக்குக் கேட்கும்படியாக, பெட்டைகளிடம் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்று தான் அப்போதே சொன்னதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இங்கேதான் நான் வெட்கப்படுகிற பகுதி. நான் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. பதவி போய்விடும் என்ற பயம் ஒருபுறம். ஊர் சிரிக்கும் என்ற கூச்சம் அதைவிடப் பெரிது. சனிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத வாசிகசாலையில், சவரப் பிளேட் ஒன்றோடு கொப்பியின் முன் உட்கார்ந்தேன். முதலில் என் மூன்று பக்கங்கள். நகரம் சமைத்தவளின் நகரம் ஓசையில்லாமல் கழன்று வந்தது. பிறகு மேசன். பிறகு கணித ஆசிரியர். கை வேகமாகவே போனது. அக்காவின் பக்கத்தில் பிளேட்டை வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

தைத்து முடித்த சட்டையைக் கொடுக்க அக்கா எங்கள் வீட்டுக்குப் போய், நான் இங்கே என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். மேசையையும் பிளேட்டையும் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உம்மடையை வெட்டினது உம்மடை விருப்பம். என்ரையை வெட்டச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?"

"அக்கா, அது பிழை."

"என்ன பிழை? எழுத்துப் பிழையோ?"

"இல்லை அக்கா. விளையாட்டே பிழை. நாங்கள் விளையாடினது முழுக்கப் பிழையாம்."

"நான் விளையாட்டைப் பற்றி எழுதேல்லை."

அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தார்.

"நான் ஆருக்கும் எழுதிக் காட்டுற ஆளில்லை. நிவாரணக் கந்தோரிலை கேட்டவங்கள், வீடு எவ்வளவு சேதம், முழுசோ பாதியோ எண்டு. பாதி கட்டின வீட்டுக்கு அவையிடை பத்திரத்திலை கட்டமில்லையாம். வெறுமனே விட்டிட்டு வந்தன். உந்தக் கொப்பியிலைதான் ஒரு இடம் கிடைச்சுது. அதையும் இப்ப நீர் எடுக்கிறீர். உம்மடை கதிரைக்காக."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடியும் வரை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோதுமை மா கிடக்கோ வீட்டிலை?" என்று கேட்டார்.

பசை காய்ச்சினோம். வெட்டிய பக்கங்களைத் திரும்ப ஒட்டினோம். ஓரங்கள் தடித்து, கொப்பி மூட முடியாமல் வாயைப் பிளந்து கிடந்தது. அதை ஒட்ட ஒட்ட எனக்குள் ஒன்று எழும்பியது. அது கோபம்தான். ஆனால் அதுவரை எனக்குத் தெரிந்த கோபம் போல அல்ல. நடுக்கம் இல்லாத கோபம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சனம் நிறைய வந்தது. தலைவர் இதழை எடுத்தார், தடித்த ஓரங்களைத் தடவினார், என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் நான் எழும்பினேன்.

"மாஸ்டர், கிழிக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா விளையாடிப் பாப்பம். சரியான முறையிலை. மச்சான் விளையாடட்டும். எப்பிடி முடிக்கிறது எண்டு எல்லாருக்கும் காட்டட்டும்."

மச்சானுக்குச் சந்தோசம். பெட்டியை வாங்கிக்கொண்டு இருந்தான். அக்கா சைக்கிளில் ஏறினார். அவன் கெட்டிக்காரன், பொய் சொல்லக்கூடாது. வரி வரியாக அழித்தான். இலக்கம் நூறு நூறாக ஏறியது. சனம் அவனைச் சுற்றி நெருங்கியது. பத்து நிமிடம். பதினைந்து. கட்டைகள் வேகமெடுத்தன. அவன் நெற்றியில் வியர்வை. அக்காவின் கால் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடம் இருக்கும், ஒரு நெட்டைக் கட்டை தவறான இடத்தில் குந்தியது. அதற்கு மேல் இன்னொன்று. பிறகு மளமளவென்று உச்சி வரைக்கும் வந்து முட்டியது. அதே சின்ன இசை.

"என்ன வந்தது?" அக்கா சைக்கிளிலிருந்து கேட்டார்.

நான் குனிந்து வாசித்தேன். "கேம் ஓவர்."

"அப்ப தம்பியும் முடிச்சிட்டார். நல்லது. கொஞ்சம் சுணங்கிப் போச்சு, அவ்வளவுதான்."

சிரிப்பு வெடித்தது. மேசன் நிலத்தில் அடித்துச் சிரித்தார். கணித ஆசிரியர், மூன்று நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தவர், வாயைப் பொத்திக்கொண்டார். மச்சானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவன். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் வேண்டியிருந்தது.

"மச்சான், வெண்டால் என்ன சொல் வரும்?"

"வெல்லுறதோ?" அவன் யோசித்தான். "வெல்லுறது எண்டு ஒண்டும் இல்லை மச்சாள். இது நிக்காது. விழுந்துகொண்டே இருக்கும். வரவர வேகம் கூடும். எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறம் எண்டதுதான்."

அந்த வாக்கியத்தை எங்கள் வாசிகசாலையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தார், நிறுத்த மறந்தவர்போல.

நான் தலைவரிடம் திரும்பினேன்.

"பாத்தீங்களோ மாஸ்டர்? சரியா விளையாடினாலும் அதே சொல்லுத்தான், பிழையா விளையாடினாலும் அதே சொல்லுத்தான். அவர் இருபது நிமிசம் கட்டிக் கட்டி அழிச்சுப்போட்டு அதுக்கு வந்தார். நாங்கள் ஒரு வரியும் அழிய விடாமல் வந்தனாங்கள். இதை எழுதினதுக்கு என்ன வெக்கம்? சோதினை ஓவர் எண்டால் சோதினையிலை தோத்தது எண்டோ அர்த்தம்? சிரிக்கிறவை சிரிக்கட்டும். நான் ஒரு பக்கமும் கிழிக்க மாட்டன்."

"அப்ப பதவி?"

"எடுங்கோ. அடுத்த இதழுக்கு வேறை ஆளைப் பாருங்கோ. இந்த இதழுக்கு நான்தான் ஆசிரியர். முடிஞ்ச இதழைக் கொண்டுபோய்க் குடுக்கிறது ஆசிரியரின்ரை பொறுப்பு எண்டு வாசிகசாலைச் சட்ட யாப்பிலை இருக்கு. நீங்கள் எழுதின யாப்பு."

அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். அந்த ஒன்றுக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். கயிற்றை அவிழ்த்து, கொப்பியை என் பக்கம் தள்ளினார். பதவியையும் அன்றே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் "விளையாடி முடித்தவை" இல்லை. பழைய நாவலுக்குப் பன்னிரண்டாவது அபிப்பிராயம் வந்தது.

திங்கட்கிழமை காலை நானும் அக்காவும் சைக்கிளில் பருத்தித்துறைக்குப் போனோம். வல்லை வெளியில் எதிர்காற்று. மேலே குண்டு விமானச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காது ஒன்று வானத்தில், கால் மிதியில். கொப்பியை உடுப்பில் சுற்றி என் கூடைக்குள் வைத்திருந்தேன். அக்கா முன்னால் போனார். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அல்லது, வந்தால் வா, வராவிட்டால் கொப்பியைப் பறித்துக்கொண்டு போவேன் என்பதாகவும் இருக்கலாம். அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அங்கே நூலகப் பொறுப்பாளர் கொப்பியை வாங்கி, வாய் பிளந்து நின்ற பக்கத்திலேயே திறந்து, நின்றபடி வாசிக்கத் தொடங்கினார். மேசனின் வரியில் வாய்விட்டுச் சிரித்தார். என் மூன்று பக்கங்களை மரியாதையாகப் புரட்டினார். அக்காவின் பக்கம் வந்ததும் உள்ளே இருந்த இருவரைக் கூப்பிட்டு, அவர்களுக்காகச் சத்தமாக வாசித்தார். அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் என் சைக்கிளையும் தன்னுடையதையும் இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். கடைசி வரிக்கு யாரோ உள்ளே சிரித்தபோது, அவரும் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தக் கொப்பி இப்போது இல்லை. தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, ஊர் முழுதும் எழும்பி நடந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்ற அவசரத்தில் அது யாருடைய கையிலும் இருக்கவில்லை. அக்கா வேறு நாடொன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே வீடு கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்தவில்லை. நீ எழுதியது பிழை, நீ விளங்கிக்கொண்டது பிழை, இந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்று எத்தனையோ பேர், எத்தனையோ மேசைகளுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டார்கள். பல இடங்களில் அவர்கள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எதை வெட்டச் சொன்னாலும், அந்தப் பக்கத்தில் யாருடைய வீடு நிற்கிறது என்று முதலில் பார்க்காமல் இன்றுவரை நான் பிளேட்டைத் தொட்டதில்லை.